ஓடைக்கரையில் டயாப்பர் குப்பை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் குன்னூர் வட்டத்தில், தேயிலைத் தோட்டங்களை ஒட்டிய சிற்றூர் ஒன்றில் வசிக்கிறேன். பாலித்தீன் பையில் முடிந்து ஓடைக்கரையில் வீசப்படும் டயாப்பர்களை இரவில் காட்டுப்பன்றிகள் கிழித்துப் போட, விடிந்து பார்த்தால் செடிகளுக்கிடையே வெள்ளைக் கூழ் சிதறிக் கிடப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். ஈரத்தை உறிஞ்சி ஊதிப்போகும் சோடியம் பாலிஅக்ரிலேட்டும் மரக்கூழும் கலந்ததுதான் அது. மேலுறை முழுக்கப் பிளாஸ்டிக். மழை வலுத்தால் இவையெல்லாம் மலத்தோடு சேர்ந்து குன்னூர் ஆற்றில் இறங்கி, மேட்டுப்பாளையம் அருகே பவானியில் கலக்கின்றன. கீழே அந்த நீரைக் குடிப்பவர்களும் நம் மக்களே.

அதற்காக, துணிதான் எப்போதும் நல்லது என்று நான் சொல்லவரவில்லை. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2008இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு குழந்தைக்கு இரண்டரை ஆண்டுகளில் டயாப்பரால் சுமார் 550 கிலோ, துணியால் சுமார் 570 கிலோ கரியமில வாயுவுக்கு இணையான உமிழ்வு ஏற்படுவதாகக் கணக்கிட்டது. துணியின் கணக்கை ஏற்றுவது துணியன்று, வெந்நீரும் மின்சார உலர்த்தியும்தான். இயந்திரம் நிறையத் துவைத்து, கொடியில் உலர்த்தி, அடுத்த குழந்தைக்கும் அதையே பயன்படுத்தினால் சுமார் 200 கிலோ குறையும் என்றும் அதே ஆய்வு கூறுகிறது. பழைய பருத்தி வேட்டியைக் கிழித்துத் தைத்து, பச்சைத் தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்து, மூத்தவன் துணியை இளையவளுக்குக் கட்டிய நம் வீடுகளில் இந்த வழக்கம் என்றுமே இருந்தது.

ஆனால் சூன், சூலை மாதங்களில் மூடுபனி கவிந்துவிட்டால் இங்கே கட்டிய கொடியில் துணி நான்கு நாளானாலும் காய்வதில்லை. என் பேரனுக்கு ஈரத்துணியால் இடுப்பில் புண் வந்ததும் அப்படியொரு வாரத்தில்தான். விடியற்காலையில் கொழுந்து பறிக்கப் போகும் தாயிடம் துவைத்துக்கொள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வெயில் காலத்தில் துணியும், மழைக்கால இரவுகளில் டயாப்பருமாக வைத்துக்கொள்வதே இம்மலையில் நடக்கக்கூடியது. படுக்கையிலிருக்கும் முதியோருக்கும் டயாப்பர் தேவைப்படுகிறது என்பதையும் நாம் மறந்துவிடுகிறோம்.

2019 சனவரி முதல் தமிழகத்தில் தடையிலுள்ள 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களில் டயாப்பர் இல்லை. அதைத் தடைசெய்யவும் இயலாது. எனினும் பயன்படுத்திய டயாப்பரைப் பாதுகாப்பாகச் சுற்றி மக்காத குப்பைக்கான தொட்டியில் போடவேண்டும் என்பதும், சுற்றுவதற்கான உறையைத் தயாரிப்பாளர்களே தரவேண்டும் என்பதும் 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே சொல்லப்பட்டுவிட்டன. ஆகவே, மலத்தைக் கழிப்பறையில் தட்டிவிட்டு டயாப்பரை மட்டும் சுற்றித் தரும் பழக்கத்தை அங்கன்வாடி ஊழியர் வழியாகத் தாய்மாருக்குச் சொல்லித்தரவும், வாரத்தில் இரண்டு நாளாவது தோட்டக் குடியிருப்புகள்வரை வந்து அதைத் தனியாகப் பெற்றுக்கொள்ளவும், விலங்குகள் திறக்கமுடியாத மூடியுள்ள தொட்டிகளை வைக்கவும் மாவட்ட நிர்வாகமும் உள்ளாட்சி அமைப்புகளும் வரும் தென்மேற்குப் பருவமழைக்கு முன்பே ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
குன்னூர் வட்டம், நீலகிரி மாவட்டம்.