மூன்று வருடத்துக்குக் கொடுங்கள், சம்பளத்தோடு கொடுங்கள்

மதிப்புக்குரிய சி.எஸ்.ஆர். (கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி) பொறுப்பாளர்களுக்கும், நிதி வழங்கும் அறக்கட்டளைகளின் அறங்காவலர்களுக்கும்,

வணக்கம். திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு சின்ன அறக்கட்டளையின் செயலாளர் எழுதுகிறேன். விவசாயக் கூலி வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளுக்கு மாலை நேரப் படிப்பு மையம் நடத்துகிறோம். எங்களைப் போன்றவர்களின் விண்ணப்பங்கள் உங்கள் மேசையில் நிறைய இருக்கும். அதனால் எங்கள் வேலையை மறுபடி விளக்கப் போவதில்லை. மையத்துக்கு நிதி கொடுத்துவந்த நிறுவனத்திடமிருந்து ஏப்ரல் 9-ஆம் தேதி வந்த ஒரு மின்னஞ்சல்தான் இதை எழுத வைத்தது.

இந்த ஆண்டு முன்னுரிமைகள் மாறிவிட்டனவாம். திட்டம் மார்ச் 31-உடன் முடிந்ததாக எடுத்துக்கொள்ள வேண்டுமாம். இரண்டே வரி. அது எங்களுக்கு வந்து சேர்ந்தபோது, முடிந்துபோன அந்தத் திட்டம் ஒன்பது நாளாக நடந்துகொண்டிருந்தது.

மையத்தை நடத்தியவர் பக்கத்து ஊர்ப் பெண். பி.எட். படித்தவர். பிள்ளைகள் டீச்சரக்கா என்று கூப்பிடுவார்கள். மாதச் சம்பளம் 8,000 ரூபாய். ஏப்ரல் முழுக்கச் சம்பளமில்லாமல் வந்தார், மே மாதமும் வந்தார். நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஜூன் முதல் வாரம் ஒரு நாள் காலையில் வீட்டுக்கு வந்து மையத்தின் சாவியையும் வருகைப் பதிவேட்டையும் கொடுத்தார். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது, ராத்திரி பஸ் என்றார். பதிவேட்டுக்குள் ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தது. 42 பிள்ளைகளுக்கும் ஆளுக்கு இரண்டு வரி எழுதியிருந்தார். "இவனுக்குப் போர்டு தெரியவில்லை, கண்ணாடி வாங்கணும்." "நடவு நாளில் இவள் தம்பியைப் பார்த்துக்கணும், வர மாட்டாள், திட்டாதீங்க." "இவன் அம்மா ஊரில் இல்லை, சாயங்காலம் ஏதாவது சாப்பிடக் கொடுங்க."

ஐயா, அம்மா, அந்த நோட்டைத்தான் நீங்கள் 'நிர்வாகச் செலவு' என்று எழுதி வெட்டினீர்கள்.

நீங்கள் வாங்கிக் கொடுத்த பத்து டேப்லெட்டுகள் பீரோவில் பத்திரமாக இருக்கின்றன. முதுகில் உங்கள் நிறுவனத்தின் சின்னம் அழியாமல் இருக்கிறது. அதைத் திறந்து சொல்லிக்கொடுக்க ஆள்தான் இல்லை. வருகிற பிள்ளைகள் இப்போது 17 பேர்.

சம்பளத்துக்கு ஐந்து சதவீதத்துக்கு மேல் தர விதி இடம் கொடுக்கவில்லை என்று எங்களிடம் பலமுறை சொல்லப்பட்டது. விதியை நாங்களும் படித்தோம். கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135-இன் கீழ் வந்த விதிகளில் அந்த ஐந்து சதவீத வரம்பு உங்கள் கம்பெனியின் சொந்த சி.எஸ்.ஆர். நிர்வாகத்துக்கு உண்டானது. ஒரு திட்டத்தை வடிவமைக்க, நடத்த, கண்காணிக்க, மதிப்பிட நேரடியாக ஆகும் செலவு அதில் சேராது என்று அங்கேயே எழுதியிருக்கிறது. படிப்பு மையத்தில் பாடம் நடத்துகிறவரின் சம்பளம் வேறு என்ன செலவு? அதே விதிகளில் தொடர் திட்டம் என்றும் ஒன்று உண்டு. தொடங்கிய நிதியாண்டு போக இன்னும் மூன்று ஆண்டு வரை நடத்தலாம். சட்டம் கொடுக்கிற இடத்தைக்கூட எங்களுக்கு ஏன் கொடுக்க மாட்டேன் என்கிறீர்கள்? உங்கள் வாசலில் வந்து நிற்பதற்கே எங்களுக்கு மூன்று ஆண்டு அனுபவம் வேண்டும். வந்து நின்ற பிறகு எங்களுக்குக் கிடைப்பது பதினோரு மாதத் திட்டம்.

ஆகவே கேட்பது ஒன்றுதான். மூன்று வருடத்துக்குக் கொடுங்கள், வேலை செய்கிறவரின் சம்பளத்தோடு சேர்த்துக் கொடுங்கள். தொகை குறைந்தாலும் பரவாயில்லை.

திட்டமிடத் தெரியாதவர்கள் என்று எங்களைப் பற்றி ஒரு பேச்சு இருக்கிறது. நிதி திரட்டலுக்கு வியூகம் வகுப்பது எப்படி என்று எங்களைச் சென்னைக்கு அழைத்து இரண்டு நாள் பயிற்சிகூடக் கொடுத்தார்கள். நல்ல பயிற்சிதான், குறை சொல்லவில்லை. ஆனால் டெல்டாக்காரனுக்குத் திட்டமிடல் புதிதில்லை. மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்கும் என்றால் அதற்கு ஏற்றபடி குறுவைக்கு விதை எடுப்பான், உழுவான். 2024-இல் ஜூலை 28-இல்தான் திறந்தார்கள். அந்த வருடம் ஆற்றுத் தண்ணீரை மட்டும் நம்பியவன் குறுவையை விட்டுவிட்டுச் சம்பாவுக்குத் தயாரானான். தேதி தெரிந்தால் எதையும் சமாளிப்போம். உங்கள் பணத்துக்குத் தேதியே இல்லை. எங்களுக்குத் தேவை ஐப்பசி, கார்த்திகை அடைமழையில். காகிதத்தில் பதினோரு மாதம் என்றாலும் பணம் வருவது பிப்ரவரி கடைசியில். மார்ச் 31-க்குள் செலவழித்துக் கணக்குச் சான்றிதழ் அனுப்ப வேண்டும். ஒரு மாதத்தில் ஒரு பிள்ளைக்கு எதைக் கற்றுக்கொடுக்க முடியும்? அதனால் பை வாங்குகிறோம், நாற்காலி வாங்குகிறோம்.

எங்கள் பங்குக்கு நாங்களும் சும்மா இருக்கவில்லை. நான்கு கிராமத்தில் பிடி அரிசி எடுக்கிறோம். உலை வைக்கும்போது ஒரு பிடி தனியே போட்டு மாதக் கடைசியில் கொடுக்கிறார்கள். சாயங்காலச் சுண்டலும் கஞ்சியும் அதிலிருந்துதான் வருகின்றன. சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கும் ஊர்ப்பிள்ளைகள் 23 பேர் மாதம் 500 ரூபாய் அனுப்புகிறார்கள். பேராவூரணிப் பக்கம் ஆடி மாத மொய் விருந்தைப் பார்த்திருப்பீர்கள். யார் எவ்வளவு செய்தார், எப்போது திருப்பிச் செய்ய வேண்டும் என்று நோட்டில் எழுதி வைத்துத் தவறாமல் செய்கிற மக்கள் இவர்கள். வாங்கிய காசுக்குக் கணக்கு வைப்பது இந்த மண்ணில் மானப் பிரச்சினை. மையத்தின் மொத்தச் செலவில் மூன்றில் ஒரு பங்கை ஊரே பார்த்துக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டோம். அப்புறம் ஆறு மாதச் செலவுக்குக் கையிருப்பு சேர்க்கப் பார்த்தோம். அதற்கு உங்களில் ஒருவர், "கையில் பணம் இருக்கிறதே, எங்களிடம் ஏன் கேட்கிறீர்கள்?" என்று கேட்டார். அந்தக் கையிருப்பு முழுதாகச் சேர்ந்திருந்தால் டீச்சரக்கா ராத்திரி பஸ் ஏறியிருக்க மாட்டார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. கம்பெனி இயங்கும் இடத்துக்கும் அதன் சுற்றுப்பகுதிக்கும் முன்னுரிமை என்று சட்டம் சொல்வதால் பணம் சென்னைக்கும் ஓசூருக்கும் கோயம்புத்தூருக்கும் போகிறது. 2020-இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்தார்கள். நாங்கள் கேட்டுப் பெற்றது அது, சந்தோஷம். ஆனால் நெல் விளைய வேண்டும் என்பதற்காகப் பெரிய ஆலைகள் வேண்டாம் என்ற ஊருக்கு, ஆலை இல்லாத காரணத்தாலேயே உதவி வராது என்றால் எந்த ஊர் நியாயம்? அந்த முன்னுரிமை கட்டாயமில்லை என்று ஒன்றிய கம்பெனி விவகார அமைச்சகமே 2021-இல் விளக்கம் கொடுத்திருக்கிறது. வெளிநாட்டு நிதி பெறும் பெரிய அமைப்புகள் முன்பு எங்களுக்குக் கொஞ்சம் பிரித்துக் கொடுக்கும். வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அதற்கும் வழியில்லை. 2018 நவம்பர் 16-இல் கஜா அடித்தபோது லாரி லாரியாக வந்தீர்கள், அந்த நன்றி எங்களுக்கு என்றும் உண்டு. ஆனால் புயல் அடித்தால்தான் எங்கள் ஊர் வரைபடத்தில் தெரிய வேண்டுமா?

கோபத்தில் அதிகம் எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களில் பலர் நல்ல மனதோடு வருகிறவர்கள் என்பதை நேரில் பார்த்திருக்கிறேன். மறுபடியும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். மூன்று வருடத்துக்குக் கொடுங்கள், சம்பளத்தோடு கொடுங்கள், எந்த மாதம் வரும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். நிறுத்துவதாக இருந்தால் ஆறு மாதம் முன்னால் தெரிவியுங்கள். ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை மையத்துக்கு வாருங்கள். கணக்குப் புத்தகங்களோடு அந்த நாற்பது பக்க நோட்டையும் எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் அறக்கட்டளையின் செயலாளர்,
திருத்துறைப்பூண்டி வட்டம், திருவாரூர் மாவட்டம்