நம்பிக்கையும் அச்சமும்: மதினிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மதினிக்கு,

வணக்கம். துப்பறியும் கதைக்கு நடுவில் காதல் புகுந்தால் கதை நொண்டியடிக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். கொலைகாரன் யார் என்று அறியத் தவித்துக்கொண்டிருக்கும்போது கதாநாயகி மாடத்தில் நின்று பெருமூச்சு விடுவது எரிச்சலூட்டுகிறது என்றும் குறைபட்டுக்கொண்டீர்கள். அப்படிப்பட்ட நாவல்கள் உண்டு. அவற்றுக்காக வாதாட எனக்கு விருப்பமில்லை. ஆனால், காதலும் மர்மமும் கலந்த ரொமான்டிக் சஸ்பென்ஸ் வகையில் நன்றாக எழுதப்பட்ட நாவல்களைப் படிக்கும்போது, காதலையும் மர்மத்தையும் தனித்தனியாகப் பிரித்தெடுக்க முடிவதில்லை என்பதை உங்களுக்கு எப்படியாவது உணர்த்திவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். 'இந்த மனிதனை நம்பலாமா?' என்ற ஒரே கேள்விதான் அங்கே இரண்டு கதைகளையும் நடத்துகிறது. காதல்வயப்பட்டவள் கேட்பதும் அதுதான், உயிருக்கு அஞ்சுபவள் கேட்பதும் அதுதான். இருவரும் ஒருத்தியே என்பதில்தான் இந்த வகை நாவலின் ஈர்ப்பு இருக்கிறது.

ஆங்கில எழுத்தாளர் மேரி ஸ்டூவர்ட் 1958-இல் எழுதிய 'நைன் கோச்சஸ் வெய்ட்டிங்' நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். தாய் தந்தையை இழந்த லிண்டா மார்ட்டின் என்ற இளம்பெண், பிரான்ஸின் சவோய் மலைப்பகுதியில் இருக்கும் வால்மி மாளிகைக்கு, பிலிப் என்ற ஒன்பது வயதுச் சிறுவனுக்கு ஆசிரியையாக வேலைக்கு வருகிறாள். ஆங்கிலம் மட்டுமே பேசும் ஆசிரியைதான் வேண்டும் என்று அந்த வீட்டார் எதிர்பார்ப்பதை உணர்ந்து, தனக்குப் பிரெஞ்சு தாய்மொழிபோல வரும் என்பதை மறைத்துவிடுகிறாள். வேலைக்காகச் சொன்ன சின்னப் பொய்தான். ஆனால் அன்று முதல் அந்த வீட்டில் யார் எதைப் பேசினாலும், புரியாததுபோல முகத்தை வைத்துக்கொண்டு கேட்க வேண்டிய நிலை அவளுக்கு வந்துவிடுகிறது. மாளிகையும் நிலங்களும் சிறுவனுக்கு உரியவை. அவன் இறந்தால் அவனுடைய சித்தப்பா லியோனுக்குப் போய்ச்சேரும். காட்டில் நடந்துபோகும் சிறுவனை ஒட்டித் துப்பாக்கிக் குண்டு ஒன்று பாய்கிறது. அவன் வழக்கமாகச் சாய்ந்து நிற்கும் மாடத்தின் கைப்பிடிச் சுவர் ஆட்டம் கண்டிருக்கிறது. இதற்கிடையில் லியோனின் மகன் ரவுலிடம் லிண்டா மனத்தைப் பறிகொடுக்கிறாள். அவனும் அவளை மணந்துகொள்ளக் கேட்கிறான்.

சிறுவனைக் கொல்லத் திட்டமிட்டிருக்கிறார்கள் என்று லிண்டாவுக்குத் தெரியவரும் இரவில், அந்தத் திட்டத்தில் ரவுலுக்கும் பங்கு இருக்கலாம் என்ற சந்தேகமும் கூடவே வருகிறது. ஆதாரம் ஏதுமில்லை, மறுக்கவும் வழியில்லை. அவள் மனம் முழுவதும் அவன் குற்றமற்றவன் என்றுதான் சொல்கிறது. இருந்தும் அவனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், தூங்கிக்கொண்டிருக்கும் சிறுவனை எழுப்பி, இருட்டில் மாளிகையை விட்டு வெளியேறுகிறாள். மதினி, அந்த அத்தியாயத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்கிறது. காதலிக்கிறோம் என்பது ஒருவனை நம்புவதற்குப் போதுமான சான்று ஆகாது என்பதையும், குழந்தையின் உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் சந்தேகத்தின் பலனைக் காதலனுக்கு வழங்க முடியாது என்பதையும் அவள் தெளிவாக உணர்கிறாள். உணர்ந்தபடியே நடந்தும் காட்டுகிறாள். காதல் இல்லாத துப்பறியும் நாவலில் இந்த முடிவுக்கு எந்த விலையும் இருந்திருக்காது. சந்தேகத்துக்குரியவர்களின் பட்டியலில் இன்னொரு பெயர் சேர்ந்திருக்கும், அவ்வளவுதான்.

டாஃப்னி டு மோரியேயின் 'ரெபெக்கா' (1938) இதே கேள்வியை நேர் எதிர்த் திசையில் கொண்டுபோகிறது. இயக்குநர் ஹிட்ச்காக் 1940-இல் எடுத்த படத்தில், நாயகன் மாக்சிமின் முதல் மனைவி ரெபெக்கா தவறி விழுந்து இறந்ததாக வரும். மனைவியைக் கொன்றவன் தண்டனையின்றித் தப்புவதை அன்றைய ஹாலிவுட் தணிக்கை விதிகள் அனுமதிக்கவில்லை. நாவலில் மாக்சிம் அவளைச் சுட்டே கொல்கிறான். அதை அவன் வாயாலேயே கேட்கும் இரண்டாம் மனைவிக்கு, கடைசிவரை தன் பெயரையே சொல்லாத அந்தப் பெண்ணுக்கு, திகிலையும் மீறிப் பொங்குவது நிம்மதி: இவன் ரெபெக்காவை ஒருநாளும் நேசிக்கவில்லை என்ற நிம்மதி. அந்த நொடியிலிருந்து அவள் கணவனின் பக்கம் நின்று உண்மையை மறைக்கிறாள். விசாரணையில் அவன் மாட்டிக்கொள்வானோ என்று படிக்கும் நாமும் பதறுகிறோம். ஒரு கொலைகாரன் தப்பிக்க வேண்டும் என்று நம்மையே விரும்பவைத்துவிடுகிறார் டு மோரியே. படத்தில் இந்த உறுத்தல் போய்விட்டது. எனக்கு அது பேரிழப்பாகவே படுகிறது.

1960களில் அமெரிக்காவில் இந்த வகை நாவல்கள் மலிவுப் பதிப்புகளாக வந்து குவிந்தன. இருண்ட மாளிகை, அதில் ஒரே ஒரு ஜன்னலில் விளக்கு, முன்னால் இரவு உடையில் ஓடும் பெண் என்று அட்டைகளெல்லாம் ஒரே அச்சில் இருக்கும். அவற்றை ஆராய்ந்து அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஜோனா ரஸ் 1973-இல் ஒரு கட்டுரை எழுதினார். நாவல்களை அவர் கடுமையாகவே விமர்சித்தார். ஆனாலும் ஒன்றைக் கூர்மையாகக் கவனித்தார். பிறர் முகக்குறிப்பை வாசிப்பதும், குரலின் ஏற்ற இறக்கத்தில் மனநிலையை அறிவதும் பெண்கள் வீட்டுக்குள் அன்றாடம் செய்துவரும் வேலைகள்; யாரும் அவற்றை ஒரு திறமையாக மதிப்பதில்லை. இந்த நாவல்களில் அதே கவனம் உயிரைக் காக்கும் திறமையாகிவிடுகிறது. வாசகிகள் இவற்றைத் தேடித் தேடிப் படித்ததற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைத்ததில்லை. அந்தக் கதாநாயகியிடம் துப்பாக்கியும் இல்லை, அதிகாரமும் இல்லை. கவனம் மட்டும் இருக்கிறது.

முடிவு சுபமாகத்தான் இருக்கும் என்று தெரிந்த பிறகு என்ன பதற்றம் என்று நீங்கள் கேட்கலாம். சுபம் என்ற உறுதி இருப்பதால்தான் துணிந்து அஞ்ச முடிகிறது என்பேன். வாழ்க்கையில் 'இந்த மனிதனை நம்பலாமா?' என்ற கேள்விக்கு யாரும் முன்கூட்டி உத்தரவாதம் தருவதில்லை. தவறான ஆளை நம்பிவிட்டால் என்ன ஆகும் என்ற அச்சத்தை, நமக்கு எந்தச் சேதமும் நேராமல் முழுவதுமாக அனுபவித்துப் பார்க்க இந்த நாவல்கள் இடம் கொடுக்கின்றன.

பிற்காலத்தில் இந்த வகை மாறிவிட்டது. காதல் நாவல்களை வெளியிடும் ஹார்லிக்வின் நிறுவனம் 1984-இல் 'இன்ட்ரீக்' என்று தனி வரிசையே தொடங்கியது. போலீஸ் அதிகாரிகளும் முன்னாள் ராணுவ வீரர்களும் கதாநாயகர்களாக வந்தார்கள். ஆபத்து வெளியிலிருந்து வரும், அவன் அவளைக் காப்பான். விறுவிறுப்பு உண்டு, நானும் விரும்பிப் படித்திருக்கிறேன். ஆனால் முதல் பக்கத்திலேயே அவன் நல்லவன் என்று தெரிந்துவிட்டால், மிச்சம் இருப்பது துரத்தல் மட்டும்தானே? அந்த நாவல்களைப் பற்றி நீங்கள் சொன்ன குறை முற்றிலும் நியாயம். முரட்டுத்தனத்தையும் சந்தேகப் புத்தியையும் காதலின் ஆழமாகக் காட்டும் கதைகளை நானும் வெறுக்கிறேன். அங்கே அந்த முதன்மையான கேள்வியை ஆசிரியரே மறந்துவிடுகிறார்.

'நைன் கோச்சஸ் வெய்ட்டிங்' நூலைத் தம்பியிடம் கொடுத்தனுப்புகிறேன். ரவுல் எப்படிப்பட்டவன் என்பதை வேண்டுமென்றேதான் சொல்லாமல் விட்டிருக்கிறேன். லிண்டா மாளிகையை விட்டுக் கிளம்பும் இடம் வரை வந்ததும், மேலே படிக்கும் முன், நீங்களாக இருந்தால் அவனிடம் சொல்லிவிட்டுப் போயிருப்பீர்களா என்பதை மட்டும் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்