இறங்குகிற வண்டிகளையும் நிறுத்துங்கள்

நீலகிரி மாவட்ட நிர்வாகத்துக்கும் போக்குவரத்துக் காவல் துறைக்கும் வணக்கம்.

கல்லாற்றில் மலையேறும் வண்டிகளை நிறுத்தி இ-பாஸ் பார்க்கிறீர்கள். பிளாஸ்டிக் பாட்டில் இருந்தால் வாங்கி வைத்துக்கொள்கிறீர்கள். நல்லது. கட்டாயம் கேட்பார்கள் என்ற பேச்சு கீழே பரவியதால், ஊட்டிக்குக் கிளம்பும்போதே பலர் எவர்சில்வர் பாட்டிலை எடுத்து வைக்கிறார்கள். வண்டி ஓட்டுவதிலும் அப்படியொரு பழக்கம் வர வேண்டும்.

சோதனையெல்லாம் ஏற்றத்தில்தான். ஆபத்து இருப்பதோ இறக்கத்தில். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் வழியில், பர்லியார் பழக்கடைகள் பக்கம் சீசனில் வந்து பாருங்கள். முன்சக்கரத்தில் புகை, பிரேக் கருகும் நாற்றம், டயர் மேல் தண்ணீர் ஊற்றும் அப்பா, பின்சீட்டில் வாந்தி எடுத்துக் களைத்த குழந்தை. "தண்ணி ஊத்தாதீங்க சார், அரை மணி நேரம் ஆறட்டும். அப்புறம் செகண்ட் கியர்லயே இறங்குங்க" என்று சொல்வது யாரோ ஒரு உள்ளூர் பிக்கப் ஓட்டுநர். குன்னூரிலிருந்து பிரேக்கை மிதித்தபடியே வந்தால் பிரேக் ஆயில் கொதித்து, மிதி தரையைத் தொடும், வண்டி நிற்காது. இது அந்த அப்பாவுக்கு யாரும் சொல்லாத விஷயம்.

குறுகலான மலைச்சாலையில் ஏறி வரும் வண்டிக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் சொல்கின்றன. நம் பஸ் ஓட்டுநர்கள் அதைப் படித்துவிட்டா ஒதுங்குகிறார்கள்? ஒதுங்காதவரை நாளைக்கு ஸ்டாண்டில் நாலு பேர் கேட்பார்கள். வெளியூர்க்காரரைக் கேட்க ஆளில்லை. 2022 அக்டோபரில் அபராதத் தொகைகளை உயர்த்தினார்கள்; ஹெல்மெட்டுக்கு அது உதவும். எந்த கியரில் இறங்குகிறார் என்பதை எந்தக் கேமரா பிடிக்கும்?

ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலையின் 36 வளைவுகளில் வெளியூர் வண்டிகள் இறங்கத் தடை போட்டீர்கள். அதை நான் ஆதரிக்கிறேன். ஆனால் அதே கைகள்தான் கோத்தகிரி வழியாகவும் இறங்குகின்றன.

குன்னூரிலும் கோத்தகிரியிலும் இறக்கம் தொடங்கும் இடத்தில் ஒரு காவலரையும், மலையில் ஓட்டிப் பழகிய ஒரு ஓட்டுநரையும் நிறுத்துங்கள். வண்டிக்கு அரை நிமிடம் போதும்: எந்த கியர், நியூட்ரல் கூடாது, வளைவில் நிறுத்திப் படம் எடுக்கக் கூடாது. ஆட்டோமேட்டிக் கார் என்றால் கியரை எப்படிக் குறைப்பது என்று காட்டிவிடட்டும். இ-பாஸ் விண்ணப்பத்திலும் இதையே முதல் பக்கத்தில் போடுங்கள். வரும் மே மாதம் சுற்றுலாக் கூட்டம் சேர்வதற்கு முன்பே தொடங்கிவிடுங்கள்.

இப்படிக்கு,
குன்னூர்வாசி ஒருவர்