பிடிச்ச படம் வேற, சிபாரிசு பண்ற படம் வேற

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல வாசகர்கள் அவங்கவங்களுக்கு புடிச்ச பத்து படத்தை பட்டியல் போட்டு அனுப்பியிருந்தாங்கல்ல, அதை ஒண்ணு விடாம படிச்சேன். எல்லாம் நல்ல படங்கதான், குறை சொல்ல ஒண்ணுமில்ல, ஆனா நாலு பட்டியல் தாண்டுனதும் அஞ்சாவதுல என்ன இருக்கும்னு நானே சொல்லிடலாம் போல இருந்துச்சு. 'நாயகன்' இருக்கும், 'அன்பே சிவம்' இருக்கும், ஒரு மகேந்திரன் படம் இருக்கும், நானும் உலக சினிமா பாக்குற ஆளுதான்னு காட்டிக்க கடைசியில ஒரு ஈரான் படம் இருக்கும். அந்த படத்தை வீட்ல யாருக்காச்சும் போட்டு காட்டுனாரா, அவங்க என்ன சொன்னாங்க, பாதியில எந்திரிச்சு போயிட்டாங்களான்னு ஒருத்தர் கூட எழுதல. எனக்கு தெரிஞ்சுக்க ஆசையா இருக்கறதே அதுதான் சார்.

நமக்கு புடிச்ச படம் ஒரு லிஸ்ட்டு, அடுத்தவங்களுக்கு சொல்ற படம் வேற லிஸ்ட்டு. இதை ஒண்ணா போட்டு குழப்பிக்கறதாலதான் லீவு நாள்ல எல்லாரும் சேர்ந்து உக்காந்து படம் பாக்கறதே ஒரு வம்பா முடியுது. 'சைட் அண்ட் சவுண்ட்'னு பிரிட்டன்ல ஒரு சினிமா பத்திரிகை இருக்கு, 1952லேர்ந்து பத்து வருசத்துக்கு ஒருக்கா விமர்சகர்கள்கிட்ட ஓட்டு வாங்கி சிறந்த படம் எதுன்னு சொல்லிட்டு வராங்க. முதல்ல 'பைசைக்கிள் தீவ்ஸ்' வந்துச்சு, 1962லேர்ந்து 2002 வரைக்கும் 'சிட்டிசன் கேன்' அசையாம உக்காந்திருந்துச்சு, 2012ல 'வெர்டிகோ', 2022ல ஷான்டால் அகெர்மன் 1975ல எடுத்த 'ஷான் தீல்மான்'. அந்த கடைசி படம் மூணு மணி நேரத்துக்கும் மேல ஓடும், ஒரு அம்மா வீட்டு வேலை செய்யறதை, உருளைக்கிழங்கு உரிக்கறதை எல்லாம் அதே நிதானத்துல காட்டும், பெரிய படம்தான் எனக்கு அதுல சந்தேகமே இல்ல. ஆனா உலகத்துலயே பெஸ்ட்டாம்னு சொல்லிட்டு இதை ராத்திரி எட்டு மணிக்கு குடும்பத்தோட போட்டு பாருங்க, ஒம்போது மணிக்கு ஹால்ல நீங்க மட்டும்தான் இருப்பீங்க. வீட்டுக்காரம்மா கேப்பாங்க, நான் நாள் பூரா பண்றதை டிவில வேற பாக்கணுமான்னு. நியாயமான விமர்சனம்தானே?

ஒருத்தருக்கு படம் சொல்றதுக்கு முன்னாடி அவங்களை தெரிஞ்சிருக்கணும், அவ்வளவுதான் விஷயம். எங்கம்மா எந்த படம்னாலும் முதல்ல கேக்கறது, கடைசில யாராச்சும் செத்துருவாங்களா? டைரக்டர் யாரு, என்ன அவார்டு வாங்குச்சு எதுவும் வேணாம், இது ஒண்ணு தெரிஞ்சா போதும், தெரிஞ்சுட்டா நிம்மதியா பாப்பாங்க, செத்தா கூட அழுதுகிட்டே பாப்பாங்க, சொல்லாம விட்டா மட்டும் ரெண்டு நாள் மூஞ்சியை தூக்கி வச்சுப்பாங்க. அக்காவுக்கு ஆஸ்பத்திரி சீன் வரக்கூடாது. இதெல்லாம் எந்த ஆப்புக்கும் தெரியாது சார். நெட்ஃப்ளிக்ஸ் கம்பெனி ஒரு போட்டி வச்சாங்க, 2006ல ஆரம்பிச்சது, யார் எந்த படத்துக்கு எத்தனை ஸ்டார் குடுப்பாங்கன்னு எங்க சிஸ்டத்தை விட பத்து சதவீதம் சரியா கணிச்சு காட்டுனா பத்து லட்சம் டாலர்னு. 2009ல ஒரு டீம் ஜெயிச்சு பணமும் வாங்குனாங்க, ஆனா ஜெயிச்ச முறையை கம்பெனி முழுசா உபயோகிக்கவே இல்ல, அதை ஓட்டறதுக்கு ஆகற வேலைக்கு அந்த லாபம் கட்டுபடியாகலைன்னு விட்டுட்டாங்க. போதாக்குறைக்கு நம்ம வீடுகள்ல ஒரே அக்கவுண்ட்ல தாத்தாவும் பாப்பாரு பேரனும் பாப்பான், பக்தி படமும் கார்ட்டூனும் பேய் படமும் கலந்து கட்டி அது பாவம் என்னத்தை கணிக்கும்.

சரி, ஆளுக்கேத்த படத்தை புடிச்சாச்சு, அதை எப்படி சொல்லி உக்கார வைக்கறோம்ங்கறதுலதான் நிறைய பேர் கோட்டை விடறாங்க. 1954ல வந்த 'அந்த நாள்' எடுத்துக்கங்க. வீணை எஸ்.பாலச்சந்தர் டைரக்ட் பண்ணது, சிவாஜி, பண்டரிபாய் நடிச்சது, பாட்டே கிடையாது. அதை சொல்றவங்க எல்லாரும், அந்த காலத்துலயே பாட்டு இல்லாம எடுத்தாங்க தெரியுமா, ஜப்பான் டைரக்டர் குரோசவாவோட 'ரஷோமோன்' படத்தோட பாதிப்பு தெரியுமான்னு ஆரம்பிப்பாங்க. தெரியுமா தெரியுமான்னு கேட்டா எவனுக்கு பாக்கத் தோணும், பாடம் எடுக்கப் போறாங்கன்னு புரிஞ்சு போன்ல தலையை கவுத்துக்குவான். என் ஃப்ரெண்டு ஒருத்தன் காலேஜ் படிக்கற பொண்ணுகிட்ட சொன்னது வேற மாதிரி, படம் ஆரம்பிச்ச உடனே ஹீரோவை சுட்டுருவாங்க, யாரு சுட்டதுன்னு நீ கண்டுபிடின்னான். அவ்வளவுதான், கருப்பு வெள்ளையாவது பழசாவது, அது பாட்டுக்கு உக்காந்து ஒவ்வொருத்தர் மேலயா சந்தேகப்பட ஆரம்பிச்சிருச்சு.

அப்புறம் இன்னொரு ரகம் இருக்காங்க, படத்தை போட்டுட்டு படத்தை பாக்க மாட்டாங்க, நம்ம மூஞ்சியையே பரீட்சை ரிசல்ட் பாக்கற மாதிரி பாத்துட்டு இருப்பாங்க. இப்ப பாரு, இந்த சீனை பாருன்னு தொடையில தட்டுவாங்க, சிரிக்கறதுக்கு முன்னாடியே அவங்க சிரிச்சிருவாங்க. பாஸ் பண்ணி விளக்கம் வேற. எவ்வளவு நல்ல படமும் இதுல செத்துரும்.

சொல்லத் தெரிஞ்சவங்க சொன்னா படமே தேவையில்லங்கறது வேற விஷயம். 1964ல ஸ்ரீதர் எடுத்த 'காதலிக்க நேரமில்லை'ல நாகேஷ் பாலையாவுக்கு பேய்க்கதை சொல்ற சீன் எல்லாருக்கும் தெரியும், ஒரு ஃப்ரேம் கூட எடுக்காத படத்தை வெறும் சத்தத்தாலயும் கையாலயும் ஓட்டி காட்டுவாரு, பாலையா நடுங்குவாரு, நாம சிரிப்போம். அப்படி ஒரு ஆள் முன்னெல்லாம் எல்லா குடும்பத்துலயும் இருந்தாங்க. எங்களுக்கு சித்தி. படம் பாத்துட்டு வந்து டைட்டில்லேர்ந்து வணக்கம் வரைக்கும் சொல்லுவாங்க, வில்லனுக்கு தனி குரல், மழைக்கு தனி சத்தம். அவங்க சொல்லி கேட்ட ஒரு படத்தை ரொம்ப வருசம் கழிச்சு நான் பாத்தேன், சித்தி சொன்னதுல பாதி கூட அதுல இல்ல, அவங்க சேத்துக்கிட்டதுதான் நல்லாருந்துச்சு. இப்ப யாராச்சும் கதை சொல்ல வாயை தொறந்தா ஸ்பாய்லர் ஸ்பாய்லர்னு காதை பொத்திக்கறாங்க. கொலைகாரன் யாருங்கறதை மட்டும் மறைச்சுட்டு மீதியை தாராளமா சொல்லலாம்ங்கறது என் கட்சி. லிங்க்கை அனுப்பிட்டு, மஸ்ட் வாட்ச், பக்கத்துல நாலு நெருப்பு பொம்மைன்னு போடறதை விட அது எவ்வளவோ மேல்.

இதுல ஒரு கொடுக்கல் வாங்கலும் இருக்கு, பெரியவங்க அதை மறந்துடறோம். நம்ம காலத்து படத்தை சின்னவங்க பாக்கணும்னு எதிர்பாக்கறோம், அவங்க சொல்ற படத்தை பொம்மை படம்னு ஒதுக்கிடறோம். அக்கா பையன் என்னை 'ஸ்பிரிட்டட் அவே' பாக்க வச்சான், ஜப்பான் டைரக்டர் மியாசாகி 2001ல எடுத்த கார்ட்டூன் படம், ஆஸ்கார் வாங்குன படம்ங்கறது எனக்கு பின்னாடிதான் தெரியும். அவன் அதெல்லாம் சொல்லல, விளக்கமும் குடுக்கல, மாமா சும்மா பாருங்கன்னான். குளிக்க வர்ற அந்த நாத்தம் புடிச்ச ஜந்து உள்ளேர்ந்து சைக்கிளும் குப்பையுமா இழுத்து இழுத்து போட்டு, கடைசியில அது ஒரு ஆத்தோட தெய்வம்னு தெரியறப்ப நான் நிமிந்து உக்காந்துட்டேன். அடுத்த வாரம் நான் கேக்காமலே, மாமா உங்க படம் ஒண்ணு போடுங்கன்னு அவனே வந்து நின்னான். இன்னொண்ணு, ஒருத்தருக்கு இன்னைக்கு புடிக்கலைன்னா மல்லுக்கட்டாம விட்டுடறது நல்லது. 'அன்பே சிவம்' 2003ல தியேட்டர்ல சரியா போகல, அப்புறம் டிவில போட்டு போட்டு ஜனங்க அதை வீட்டுப் படமாவே ஆக்கிக்கலையா. அன்னைக்கு புடிக்காதவங்ககிட்ட சண்டை போட்டா வந்துச்சு?

அதனால என்னோட வேண்டுகோள் என்னன்னா, அடுத்த முறை வாசகர்கள்கிட்ட புடிச்ச பத்து படம் கேக்காதீங்க. ஒரே ஒரு படம் கேளுங்க, அதை யாருக்கு காட்டுனீங்க, என்ன சொல்லி உக்கார வச்சீங்க, அவங்க என்ன சொன்னாங்கன்னு எழுத சொல்லுங்க. பத்து வயசு பையனுக்கா எழுபது வயசு பாட்டிக்கா, டப்பிங்கா சப்டைட்டிலாங்கறதும் இருக்கட்டும், எங்களுக்கு உபயோகப்படும். பாதியில எந்திரிச்சு போனவங்க சொன்ன காரணத்தை மட்டும் வெட்டாம போடுங்க சார், அதுக்கு தனி பக்கம் ஒதுக்குனாலும் நான் முதல்ல அதைத்தான் படிப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்