சாணை பிடிக்க மறுத்தவருக்கும் மற்றவர்களுக்கும்

பெங்களூரு அல்சூர், மர்ஃபி டவுன், காக்ஸ் டவுன் பக்கத்திலிருந்து வந்த எல்லோருக்கும் வணக்கம்.

போன ஞாயிறு எங்கள் வீட்டு மொட்டைமாடியில், தாத்தா விட்டுப்போன கத்திகளையும் நான் சேர்த்தவற்றையும் பார்க்க வந்தீர்கள். மொத்தம் 43 கத்தி. வந்த தலைகளை யாரும் எண்ணவில்லை, ஆனால் காப்பிக்கு மூன்று தடவை பால் வாங்க ஓடினோம். அன்றைக்கே நன்றி சொல்லியிருக்க வேண்டும். எல்லாவற்றையும் துடைத்து எண்ணெய் தடவி எடுத்துவைப்பதற்குள் ராத்திரி பதினொன்றாகிவிட்டது.

முதலில், சைக்கிளில் சாணைக்கல் கட்டிக்கொண்டு மார்க்கெட் பக்கம் வரும் பெரியவருக்கு. பேரன் படித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறான். நாலு வருஷத்துக்கு முன், இந்தப் பைத்தியம் பிடித்த புதிதில், சண்டே பஜாரில் 300 ரூபாய்க்கு வாங்கிய ஒரு பேனாக்கத்தியை அவரிடம் நீட்டி, "பளபளன்னு ஆக்கிக் கொடுங்க தாத்தா" என்றேன். அலகில் இருக்கும் நகக்குழியில் நகத்தை வைத்துத் திறந்தார். மூடினார். டக்கென்று சத்தம். இன்னொரு தடவை திறந்து மூடி, அந்தச் சத்தத்தை மட்டும் கேட்டார். "ஸ்பிரிங்கு இன்னும் உசுரோட இருக்கு. சக்கரத்துல வெச்சா இரும்பும் தேயும், பேரும் தேயும். எடுத்துட்டுப் போப்பா" என்று கையில் திணித்துவிட்டார். வந்த வருமானத்தை வேண்டாம் என்ற தொழிலாளியை அன்றுதான் பார்த்தேன். எனக்குக் கோபம்தான் வந்தது.

அவர் சொன்ன 'பேர்' அலகின் அடியில், பிடிக்குள் நுழையும் இடத்தில் இருந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஒரு நட்சத்திரம், பக்கத்தில் மால்டா சிலுவை. இங்கிலாந்தில் கத்திக்குப் பேர்போன ஊரான ஷெஃபீல்டின் ஜோசப் ராட்ஜர்ஸ் கம்பெனி முத்திரை. கிரீடத்தின் இருபுறமும் 'வி', 'ஆர்' என்று இருந்தால் விக்டோரியா காலம், அதாவது 1901க்கு முன். என்னுடையதில் 'ஜி', 'ஆர்', அதாவது பின்னால் வந்த ஜார்ஜ் மன்னர் காலம். கூடவே 'இங்கிலாந்து' என்றும் இருக்கிறது. இறக்குமதிச் சரக்கில் நாட்டின் பெயர் வேண்டும் என்று 1890இல் அமெரிக்கா சுங்கச் சட்டம் போட்ட பிறகுதான் அப்படிப் பொறிப்பது பரவியது. ராட்ஜர்ஸ் பெயரில் போலிகள் ஏராளம், அதனால் இந்த எழுத்துகள்தான் கத்தியின் ஜாதகம். சக்கரம் ஒரு சுற்று ஓடியிருந்தால் அது போயிருக்கும்.

அடுத்து, மூன்றாவது வீட்டு கெமிஸ்ட்ரி டீச்சர் அக்கா. எல்லாக் கத்திகளையும் ஒரே பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தேன். போன மழைக்காலத்தில் திறந்தால் நடுவில் நாலைந்து கத்திகளில் துரு, பித்தளையில் பச்சைக் களிம்பு. பெங்களூரு ஈரத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன். அக்கா டின்னை முகர்ந்து பார்த்து, "என்னடா, கற்பூர வாசனை வருது?" என்றார். குற்றவாளி ஆமை ஓட்டு நிறத்தில் பிடி போட்ட ஒரு ஜெர்மன் மடக்குக் கத்தி. அந்தப் பிடி செல்லுலாய்டு. அதைச் செய்யக் கற்பூரம் சேர்ப்பார்களாம். வயதானால் அது சிதைந்து நைட்ரஜன் ஆக்சைடுகளைக் கக்கும், ஈரத்தோடு சேர்ந்தால் அமிலம். பழைய சினிமா ஃபிலிம் சுருள்கள் தீப்பிடித்து எரிந்ததும் இதன் பங்காளியால்தான் என்றார். பக்கத்தில் இருந்தவர்களையெல்லாம் கெடுத்த அந்த ஆசாமிக்கு இப்போது காற்றோட்டமாகத் தனி அலமாரி. அப்பா காலத்தில் தடவிய தேங்காய் எண்ணெய் கீல்களில் பிசினாக உறைந்திருந்ததைச் சுரண்டி எடுத்து, தையல் மிஷின் எண்ணெய் போடச் சொன்னதும் அக்காதான்.

சிவாஜிநகர் தோல் வேலைக்காரர் அண்ணன் ஆறு உறை தைத்துக் கொடுத்துவிட்டு, "கத்தியை இதுக்குள்ள வெச்சுத் தூங்க விடாதீங்க" என்றார். பதனிட்ட தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு இரும்பைத் தின்னும். உறை விற்கிறவரே சொன்னால் கேட்கத்தானே வேண்டும்.

வக்கீல் அண்ணி ஸ்கேலோடு வந்தார்கள். அடுப்படிக்கும் வயலுக்கும் தொழிலுக்கும் செய்தவை போக, அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ இருந்தால் ஆயுத விதிகளுக்குள் வரும் என்று ஒவ்வொன்றாக அளந்தார்கள். எல்லாம் தேறியது. வால்பாறை எஸ்டேட்டில் இருந்த மாமாவின் வேட்டைக்கத்தியை மட்டும், அலகு ஆறே அங்குலம் என்றாலும், எடுத்துத் தனியே வைத்துவிட்டார்கள். அதன் பிடி மிளா, அதாவது கடமான் கொம்பு. நம் காட்டு மிளாவின் கொம்பு கப்பலேறி ஷெஃபீல்டுக்கும் ஜெர்மனியின் கத்தி ஊரான சோலிங்கனுக்கும் போய், கத்திப்பிடியாகித் திரும்பி வந்த காலம் அது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இருக்க, வனத்துறையில் கேட்காமல் அதைப் பார்வைக்கு வைக்காதே என்றார்கள். அதனால்தான் அந்த இடத்தில் போட்டோ மட்டும் பார்த்தீர்கள். முணுமுணுத்தவர்கள் அண்ணியிடம் பேசிக்கொள்ளலாம்.

ஆட்டோ தம்பிக்குத் தனி நன்றி. காக்ஸ் டவுன் அத்தை வீட்டில் இருந்த பாதிக் கத்திகளைக் கொண்டுவர வேண்டும். மெட்ரோவில் ஸ்கேனருக்குள் அந்தப் பையை விட்டிருந்தால் நான் இந்த மடலை வேறெங்கோ உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பேன்.

கடைசியாக, ராணுவப் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்து ஓய்வுபெற்ற ஹவில்தார் ஐயா. என் தாத்தாவும் அங்கே இருந்தவர். அவருடைய ராணுவ மடக்குக் கத்தி, கருப்புப் பிடி, 1943 என்ற எண், அரசுச் சொத்து என்று காட்டும் அகன்ற அம்புக்குறி. ஒரு அலகு, ஒரு டின் திறப்பான், முதுகில் நீளமாக ஒரு இரும்பு முள். அந்த முள் குதிரைக் குளம்பில் சிக்கிய கல்லை எடுக்க என்றுதான் எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகச் சொல்லிவந்தோம். அட்டையிலும் அப்படியே எழுதி வைத்திருந்தேன். ஐயா படித்தார், ஒன்றும் சொல்லவில்லை. கொடியில் கிடந்த கயிற்றின் நுனியை அவிழ்த்தார். முள்ளைச் செருகிப் புரியைத் தூக்கி, அந்தச் சந்தில் இன்னொரு புரியை நுழைத்து இழுத்தார். மறுபடி ஒன்று. மறுபடி ஒன்று. முடிச்சே இல்லாமல் கயிறு வளையமாகி நின்றது. "பாலம் கட்டுறவங்களுக்குக் குதிரை எதுக்குப்பா?" என்றார். அட்டையை மாற்றிவிட்டேன். கயிறு கத்தி பக்கத்திலேயே இருக்கிறது, அம்மா கொடிக்கு வேறு கயிறு வாங்கிவிட்டார்.

பென்சில் சீவிப் பார்த்துப் போன பிள்ளைகளுக்கும், தன் ஓப்பினல் என்ற பிரெஞ்சு மடக்குக் கத்தியை ஒரு நாள் இரவல் தந்து, 1955இல் வந்த அந்தப் பூட்டு வளையத்தை அலுக்காமல் திருகித் திருகிக் காட்டிய ஐடி தம்பிக்கும் நன்றி.

அப்புறம் ஒன்று. கடைசி மேசையில் யாரோ பழைய தினசரித் தாளில் சுற்றி ஒரு சின்னப் பேனாக்கத்தியை வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். பித்தளைப் பிடி, இரண்டு அலகு, சின்ன அலகின் நுனி உடைந்திருக்கிறது. மறந்துபோனதா, எனக்கே கொடுத்ததா தெரியவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். வந்து எடுத்துக்கொள்ளுங்கள், இல்லை அது யாருடையது என்றாவது சொல்லிவிட்டுப் போங்கள். எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். உறையில் போடவில்லை.