சம்பளம் குறைந்தாலும் கிரெஷ் கட்டணம் குறையாதது ஏன்?

ஆசிரியருக்கு,

வணக்கம். பிரெஞ்சுத் தீவான நம் ரீயூனியனில் கிரெஷ், அதாவது சிறு குழந்தைகள் காப்பகத்தின் கட்டண விகிதம் அதிகம், கட்டுப்படியாகவில்லை என்று சென்ற இதழில் வாசகர் ஒருவர் குறைபட்டிருந்தார். குறை நியாயமானது. ஆனால் அவர் பழி போட்ட கட்டண விகிதத்தில் பெரிய கோளாறு இல்லை, எந்த வருமானத்தின் மீது அதைப் போடுகிறார்கள் என்பதில்தான் இருக்கிறது.

குடும்ப உதவித்தொகை நிறுவனமான காஃபிடம் பணம் பெற்று, வருமானத்துக்கேற்பக் கட்டணம் வாங்கும் கிரெஷ்களில் கணக்கு ஒன்றுதான். குடும்பத்தின் ஆண்டு வருமானத்தைப் பன்னிரண்டால் வகுத்து, அதில் 0.0619 விழுக்காடு எடுத்தால் ஒரு மணி நேரக் கட்டணம் வரும். இது ஒரு பிள்ளை உள்ள வீட்டுக்கு. இரண்டு பிள்ளை என்றால் 0.0516, மூன்று என்றால் 0.0413. கிரெஷுக்குப் போகாத மூத்த பிள்ளைகளையும் எண்ண வேண்டும். உடற்குறைபாட்டு உதவித்தொகை பெறும் பிள்ளை வீட்டில் இருந்தால் அடுத்த படியின் குறைந்த விகிதம் கிடைக்கும். சாப்பாடும் டயப்பரும் இந்தக் கட்டணத்திலேயே அடக்கம், தனியாகக் காசு கேட்கக் கூடாது.

வருமானம் என்றால் இந்த மாதச் சம்பளம் அல்ல, இரண்டு ஆண்டுக்கு முந்தையது. 2026-இல் பார்ப்பது 2024-இல் சம்பாதித்ததை. அதுவும் வரித்துறை 10 விழுக்காடு கழிப்பதற்கு முந்தைய தொகை. வரி அறிவிப்பில் கழித்தபின் உள்ள தொகையை வைத்துக் கணக்குப் போட்டுவிட்டு, கிரெஷ் கூடுதலாக வாங்குகிறது என்று சண்டைக்குப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஒரே குழந்தை. 2024-இல் கணவனுக்கு 18,000 யூரோ, மனைவிக்கு 12,000. மாதத்துக்கு 2,500 ஆகிறது, மணிக்கு 1.55 யூரோ. மாதம் 160 மணி நேரம் விட்டால் 248 யூரோ. மனைவிக்கு வேலை போய், வேலையின்மைத் தொகை வாங்கிக்கொண்டு இரண்டு மாதம் கடந்தால் அவருடைய சம்பளத்தில் 30 விழுக்காடு கழிப்பார்கள்: 217.60 யூரோ. தொகையே வராத வேலையின்மை என்றால் அவர் சம்பளத்தை முழுதாக விட்டுவிடுவார்கள்: 148.80. இதுவரை சரி. வேலை போகாமல், முதலாளி மணி நேரத்தைப் பாதியாக்கி, அவருடைய ஆண்டுச் சம்பளம் 6,000 ஆகிவிட்டால்? அதே 248 யூரோதான். இன்றைய வருமானத்தைப் பார்த்திருந்தால் 198.40 வந்திருக்கும். உணவகத்திலும் கடையிலும் துப்புரவு வேலையிலும் இருக்கும் பெண்களுக்கு அதிகம் நேர்வது இந்தக் கடைசி வகைதான். அதற்கு விதியில் வழியே இல்லை.

கரும்புப் பருவ வேலைக்காரர்கள் பாடு வேறு. வெட்டு ஏறக்குறைய ஜூலையிலிருந்து டிசம்பர் வரை. புவா ரூஷ், லெ கோல் சர்க்கரை ஆலைகளை நம்பியிருப்பவர்கள் ஜனவரியில் அரசு வேலைவாய்ப்பு அலுவலகமான பிரான்ஸ் திராவாயில் பதிவு செய்தால்தான் வேலையின்மைக் கழிவு கிடைக்கும். பருவம் தொடங்கி வேலைக்குத் திரும்பியதும் கழிவு போய், பழைய வருமானம் முழுதாக வந்து உட்காரும்.

இன்னொரு இடத்திலும் பணம் போகிறது. வேலை போனதையோ கணவன் மனைவி பிரிந்ததையோ காஃப் இணையக் கணக்கில் அறிவித்தால் மட்டும் போதாது. கிரெஷ் நிர்வாகி காஃபின் தரவைப் பார்ப்பது பெரும்பாலும் சேர்க்கையின்போதும் ஜனவரியிலும்தான். நடு ஆண்டில் மாற்றம் வந்தால், காஃப் அதை ஏற்றுக்கொண்டதும் நிர்வாகியிடம் போய், 'என் கணக்கை மறுபடி பாருங்கள்' என்று எழுத்தில் கேட்க வேண்டும். கேட்காத மாதங்களுக்குப் பணம் திரும்பி வரும் என்று நம்ப வேண்டாம். பிள்ளையை விடும் நேரம் குறைந்தால் ஒப்பந்த மணி நேரத்தையும் அப்போதே குறைத்து எழுதச் சொல்லுங்கள். வராத மணிக்கும் ஒப்பந்தப்படி காசு உண்டு.

வரிப் படிவத்தில் கிரெஷ் செலவை எழுதும் 7ஜிஏ கட்டத்தையும் பலர் காலியாக விடுகிறார்கள். ஆண்டு தொடக்கத்தில் ஆறு வயது நிரம்பாத ஒவ்வொரு பிள்ளைக்கும், ஆண்டுக்கு 3,500 யூரோ வரையிலான செலவில் பாதி திரும்பக் கிடைக்கும். வரியே கட்டாதவருக்கும் உண்டு.

இந்த இரண்டாண்டு இடைவெளி தவிர்க்க முடியாததும் அல்ல. வீட்டு வாடகை உதவியை இதே காஃப் 2021 ஜனவரியிலிருந்து கடைசிப் பன்னிரண்டு மாத வருமானத்தைப் பார்த்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை திருத்துகிறது. சம்பளத் தகவலை முதலாளிகள் மாதந்தோறும் அனுப்புகிறார்கள். கிரெஷுக்கு மட்டும் அது ஏன் கூடாது? ஆண்டுக்கு நான்கு முறை ஒப்பந்தம் மாற்றினால் ஒரே கணக்காளரை வைத்துச் சங்கம் நடத்தும் சிறிய கிரெஷ் திணறும் என்பார்கள். அதில் உண்மை உண்டு. அப்படியானால் வருமானம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் மாறியவர்களுக்கு மட்டும் செய்யட்டும். வருமானம் கூடினால் கட்டணமும் மூன்று மாதத்தில் கூடும். அதற்கும் ஒப்புக்கொண்டுதான் நாம் இதைக் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சேந்த்-ஆந்த்ரே, ரீயூனியன்