ஸ்ட்ராத்நேவர் பெரியோர்களுக்கு ஒரு நன்றி மடல்

ஸ்காட்லாந்தின் வடகோடியிலுள்ள சதர்லாந்தில், நேவர் ஆற்றுப் பள்ளத்தாக்கான ஸ்ட்ராத்நேவரிலும் பெட்டிஹில் கரையோரத்திலும் வாழும் பெரியோர்கள் அனைவருக்கும் வணக்கம். என் கணவர் குடும்பத்தின் வரலாற்றைத் தொகுக்கும் பணி நிறைவடைந்துவிட்டது. உங்களுக்கு ஆங்கிலத்தில் தனித்தனியே எழுதிவிட்டேன் என்றாலும், நீங்கள் செய்த உதவி இன்னதென்று என் பிறந்தகத்தாரும் அறிய வேண்டும் என்பதால் இம்மடலைத் தமிழில் எழுதுகிறேன்.

செவியட் இன ஆடுகளை மேய்த்தால் கூடுதல் குத்தகை கிடைக்கும் என்பதற்காக, 1814-லும் 1819-லும் அப்பள்ளத்தாக்கின் குடிகள் வெளியேற்றப்பட்டார்கள். அவர்கள் திரும்பி வந்து குடியேறாதபடி, மரம் அரிதான அந்நாட்டில் கூரை மரங்களையே கொளுத்தினார்கள். நிலவுடைமையாளரான சதர்லாந்து பிரபுக் குடும்பத்தின் பண்ணை அதிகாரியும் புதிய குத்தகைதாரருமான பாட்ரிக் செல்லர்மீது 1816-இல் இன்வெர்னெஸ் நகரில் வழக்கு நடந்தது, அவர் விடுதலையானார். பண்ணைத் தரப்பின் எழுத்துகள் இவை அனைத்தையும் ‘முன்னேற்றம்’ என்றே குறிக்கின்றன. அந்தச் சொல்லை என் தொகுப்பில் மேற்கோள் குறிக்குள் மட்டுமே வைத்திருக்கிறேன்.

கடற்கரைக்குத் தள்ளப்பட்ட குடும்பங்களில் எங்கள் முன்னோர் எவர் என்று பிரித்தறிவதே பெரும்பாடாக இருந்தது. அது மக்கே குலத்தாரின் நாடு. எந்தப் பதிவேட்டைப் புரட்டினாலும் பக்கம் முழுவதும் மக்கே என்ற பெயர்தான். தந்தை, பாட்டன் பெயர்களை அடுக்கியும், தொழிலையோ தலைமுடி நிறத்தையோ சேர்த்தும் ஊரார் வழங்கிய அடையாளப் பெயர்களை நினைவில் வைத்திருந்து, யார் எந்த வீட்டார் என்று ஒவ்வொருவராகச் சொல்லித் தந்த என் மாமியாரின் அக்காவுக்குத்தான் முதல் நன்றி. அத்தைப் பாட்டி சொன்னது அனைத்தும் ஏட்டோடு ஒத்துப்போகவில்லை. முரண்பட்ட இடங்களில் இரண்டையும் பதிந்திருக்கிறேன்.

பதிவாளர் அலுவலகத்தில் பொறுமையோடு உதவிய ஊழியர்களுக்கும் கடன்பட்டிருக்கிறேன். ஸ்காட்லாந்தில் பிறப்பு, இறப்புப் பதிவு 1855-இல் கட்டாயமாயிற்று. அந்த முதலாண்டுப் பதிவுகளில் பெற்றோரின் வயதும் பிறந்த ஊரும்கூட எழுதப்பட்டிருக்கும் என்று சொல்லி, அங்கிருந்து தேடத் தொடங்கச் செய்தவர்கள் அவர்கள்தான். பெண்களின் பிறந்தகப் பெயரைக் கல்லறைக் கற்களிலும் பொறிக்கும் அந்நாட்டு வழக்கமும் எங்களுக்குப் பெரிதும் கைகொடுத்தது. ஃபார் பங்கின் பழைய தேவாலயக் கட்டடத்தில் இயங்கும் ஸ்ட்ராத்நேவர் அருங்காட்சியகத்தின் தன்னார்வலர்கள், அதன் முற்றத்துக் கற்களைப் படித்துக் காட்டினார்கள்.

குடியானவர்களின் குறைகளைக் கேட்க 1883-இல் அமைக்கப்பட்ட ஆணையம் பெட்டிஹில்லுக்கும் வந்தது. குடிகள் அதன்முன் அளித்த வாக்குமூலங்கள், கேள்வியும் பதிலுமாக அச்சில் உள்ளன. அந்தப் பெருந்தொகுதிகளை எனக்குத் தேடித் தந்த நூலகருக்கு, ஆணையத்தின் தலைவர் பெயரைக் கண்டு நான் வியந்தது ஏனென்று முதலில் விளங்கவில்லை. 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபுதான் அவர். சென்னைக் கடற்கரைச் சாலையில் நேப்பியர் பாலத்தைக் கடந்து வளர்ந்த எனக்கு, அவர் இந்தக் குடிசைவாசிகளிடம் நிலமும் குத்தகையும் பற்றிக் கேட்டவர் என்பது அன்றுவரை தெரியாது. அந்த விசாரணையின் தொடர்ச்சியாக வந்த 1886-ஆம் ஆண்டுச் சட்டந்தான், நியாயமான குத்தகை செலுத்தும் குடியானவரை நினைத்தபடி வெளியேற்ற முடியாது என்ற உரிமையை அளித்தது.

காட்டுக்குள், குடிகள் வெளியேற்றப்பட்ட ரோசல் சிற்றூரின் அடித்தளங்களைக் காட்டிய ஓய்வுபெற்ற வனப் பணியாளருக்கு எங்கள் நன்றி. மனிதரும் மாடுகளும் ஒரே கூரையின்கீழ் இருந்த நீண்ட வீடுகளில், எது அடுப்படி, எது தொழுவம் என்று பிள்ளைகளுக்கு அவர் நின்று நிதானமாக விளக்கினார்.

இவர்களுக்கு நிகராக, தெற்கிலிருந்து ஆடுகளோடு வந்து குடியேறிய மேய்ப்பர் குடும்பம் ஒன்றின் வழித்தோன்றலுக்கும் நன்றி சொல்ல வேண்டும். தம் முன்னோரின் கடிதங்கள் எங்கள் தொகுப்பில் எப்பக்கம் நிற்கும் என்று அறிந்தே அவர் படியெடுக்க அனுமதித்தார். அவற்றில் ஒரு வரியையும் நான் விடவில்லை. தாமும் அண்டை வீட்டாரை அறியாமல் தனிமையில் தவித்தோம் என்று அந்த மேய்ப்பரின் மனைவி எழுதியதும் அதில் இருக்கிறது.

இரவல் பெற்ற நிழற்படங்கள் அனைத்தும் உரியவர்களிடம் சேர்ந்துவிட்டன. பெயர் வேண்டாம் என்றவர்களின் பெயர்கள் எங்கும் இடம்பெறவில்லை. திருத்தம் இருப்பின் தயங்காமல் தெரிவியுங்கள். அடுத்த படியில் சேர்த்துவிடுகிறேன்.

நன்றியுடன்,
உங்கள் ஊர் மருமகள்